அந்தச் சக்கரத்தைப் படம் பிடித்தவர் யார்?

வாசகர் கேள்வி பதில்
பதில் எழுதுபவர்: களுவாஞ்சிக்குடியில் 31 ஆண்டுகள் ஸ்ரூடியோ நடத்தி ஓய்வுபெற்றவர்

கேள்வி: ஐயா, சென்ற இதழில் பழைய தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கூடவே ஒரு பெரிய வண்ணச் சக்கரத்தின் படமும் வந்திருந்தது. மற்றப் படங்களின் கீழே எடுத்தவர் பெயர் இருக்கிறது. இதன் கீழே மட்டும் ஒன்றும் இல்லை. அது யார் எடுத்த படம்?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: அது 'வீல் ஒஃப் போர்ச்சூன்' என்ற அமெரிக்கப் போட்டி நிகழ்ச்சியின் சக்கரம். அந்தப் படத்தைக் கொடுத்தது நான். பெயர் இல்லாமல் கொடுத்ததும் நான்தான். "யாருடையது?" என்று ஆசிரியர் கேட்டபோது, "இணையத்தில் கிடந்தது" என்று சொல்லிவிட்டேன். தெருவில் கிடந்த பணப்பையைப் பற்றிக்கூட யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வாழ்நாள் முழுக்கப் படம் எடுத்துச் சோறு தின்ற நான் சொல்லியிருக்கவே கூடாது. உங்களிடமும் அந்தப் படத்தை எடுத்தவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றிரவே தேட உட்கார்ந்தேன். சொல்லைக் கொடுத்துப் படத்தைத் தேடுவதுபோல, படத்தைக் கொடுத்து அதே படம் வேறெங்கே இருக்கிறது என்றும் தேடலாம். கூகுளில் அந்த வசதி உண்டு, டின்ஐ என்ற தளத்திலும் உண்டு. நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் அதே சக்கரம் வந்து நின்றது. பல பிரதிகள் தபால்தலை அளவுக்குச் சுருங்கியிருந்தன. சிலவற்றின் மூலையில் யார் யாருடைய முத்திரைகளோ குத்தப்பட்டிருந்தன. இப்படித் தேடுகிறவர்கள் அளவில் பெரிய பிரதியையும் ஓரம் வெட்டப்படாத பிரதியையும் முதலில் பார்க்க வேண்டும். மூலத்துக்குக் கிட்டே நிற்பவை பெரும்பாலும் அவைதான்.

நான் உங்களுக்குக் காட்டிய படத்தில் வலது ஓரம் வெட்டப்பட்டிருந்தது. வெட்டாத பிரதியில் மரப்பெட்டித் தொலைக்காட்சியின் விளிம்பு தெரிந்தது. அதன் கண்ணாடியில் பூப்போட்ட யன்னல் திரைச்சீலை ஒன்றின் நிழல் விழுந்திருந்தது. அதைக் கண்டதும் கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். கலையகத்தில் எடுத்த படம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் அமெரிக்காவில் யாரோ ஒருவர் தம் வீட்டு வரவேற்பறையில் இருந்து தொலைக்காட்சித் திரையைப் பிடித்த படம் அது. ஏற்றியவரின் முகவரி அங்கேயே இருந்தது. எழுதினேன். நான்காம் நாள் பதில் வந்தது. தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று எழுதியவர் இன்னொன்றையும் சொல்லியிருந்தார்: படத்தை எடுத்தது அவர் அல்ல, அவருடைய தாயாராம். "பெயர் போடுவதென்றால் அம்மாவின் பெயரைப் போடுங்கள்" என்று கேட்டிருந்தார்.

இந்த இதழில் அதே படம் மறுபடியும், ஓரம் வெட்டாமல் வந்திருக்கிறது. அதன் கீழே அந்த அம்மாவின் பெயரும், சக்கரம் எந்த நிகழ்ச்சிக்கு உரியது என்பதும் அச்சாகியிருக்கின்றன. திரையில் தெரியும் காட்சி நிகழ்ச்சியைத் தயாரித்தவர்களுடையது, கமராவைத் தூக்கியது அந்தத் தாய். அதனால்தான் இரண்டையும் எழுதச் சொன்னேன்.

கேள்வி: சென்ற இதழில் நீங்கள் எழுதிய அமெரிக்கச் சக்கர நிகழ்ச்சியை மட்டக்களப்பில் இருந்துகொண்டு எப்படிப் பார்த்தீர்கள்? அந்தக் காலத்தில் எங்களுக்கு நம் நாட்டுத் தொலைக்காட்சியான ரூபவாஹினியே புள்ளி புள்ளியாகத்தானே தெரிந்தது?
– வாசகர், கல்முனை

பதில்: சரியாகச் சொன்னீர்கள். ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியது. பிதுருதலாகல மலையில் இருந்து வரும் அலையைப் பிடிக்க நாங்கள் கமுக மரத்தின் உச்சியில் அன்ரனா கட்டினோம். ஒருவர் மரத்தில், ஒருவர் முற்றத்தில், ஒருவர் பெட்டிக்கு முன்னால் நிற்பார். "இப்ப?" "இல்லை!" "இப்ப?" "கொஞ்சம்!" என்று முழு ஊருக்கும் கேட்கும்.

சக்கரம் வந்த வழி வேறு. அது 1992. எங்கள் பக்கம் மின்சாரத்தை நம்பிக் கல்யாணத்துக்கு நாள் வைக்க முடியாத காலம். கனடாவில் நடக்கும் கல்யாணங்கள் வீடியோக் கசெட்டாக ஊருக்கு வரும், ஆனால் இங்குள்ள டெக்கில் ஓடாது. அன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சிக்கு என்டிஎஸ்சி முறை. அதில் ஒரு படத்துக்கு 525 கோடுகள், விநாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். இலங்கையில் பிஏஎல் முறை. இதில் 625 கோடுகள், 25 படங்கள். அந்தக் கசெட்டை இந்த டெக்கில் போட்டால் மணமக்கள் நிறமிழந்து, மேலும் கீழுமாக உருண்டுகொண்டே இருப்பார்கள். எந்த முறையையும் ஓட்டும் மல்ரி சிஸ்டம் டெக் ஒன்று என் ஸ்ரூடியோவில் இருந்தது. அதனால் பிள்ளைகளின் கல்யாணத்தைப் பார்க்கத் தாய் தகப்பன்மார் என்னிடம் வருவார்கள்.

அன்று மண்டூரில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. குருமண்வெளியில் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து, பலகாரப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். அயலவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜெனரேட்டரை வெளியே வைத்துக் கசெட்டைப் போட்டேன். ரொறன்ரோவில் ஒரு மண்டபம். தாலி கட்டினார்கள், பந்தி நடந்தது, கேக் வெட்டினார்கள். பெண்ணின் தாய் ஒவ்வொரு முகமாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு திரையில் கோடுகள் ஓடின. எழுந்து நிறுத்தப் போனேன். அப்போதுதான் சக்கரம் வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் பழைய கசெட்டின் மேலேயே கல்யாணத்தைப் பதிந்திருக்கிறார்கள். கல்யாணம் முடிந்த இடத்தில், அடியில் இருந்த பழைய பதிவு தலை நீட்டிவிட்டது. அது 'வீல் ஒஃப் போர்ச்சூன்'. 24 துண்டுகளாகப் பிரித்து நிறம் தீட்டிய சக்கரம், துண்டுக்குத் துண்டு பணம். போட்டியாளர் அதைச் சுழற்றி ஓர் எழுத்தைச் சொல்ல வேண்டும். மறைந்திருக்கும் சொற்றொடரில் அந்த எழுத்து இருந்தால் பலகையில் அதற்குரிய கட்டம் மணியொலியோடு ஒளிரும். மினுங்கும் நீண்ட சட்டை அணிந்த பெண் நடந்துபோய் அந்தக் கட்டத்தைக் கையால் திருப்புவார். 1997க்குப் பிறகு திருப்பும் வேலை போய், திரையைத் தொட்டாலே போதும் என்று ஆகிவிட்டது. கை வைத்துத் திருப்பியதில் இருந்த அழகு தொடுவதில் இல்லை என்பது என் எண்ணம்.

எங்கள் கூட்டத்தில் இங்கிலிஷ் எழுத்துத் தெரிந்தவர்கள் நாலைந்து பள்ளிப் பிள்ளைகள்தான். ஆனால் பத்து நிமிடத்துக்குள் எல்லோருக்கும் விளையாட்டுப் பிடிபட்டுவிட்டது. ஓர் எழுத்தும் தெரியாத ஒரு பெரியம்மா மணியொலியை எண்ணத் தொடங்கினார். "ரெண்டு இருக்கு பிள்ளை, ரெண்டு!" என்று பெண் நடக்க முன்பே சொல்லிவிடுவார். சக்கரத்தில் கறுப்புத் துண்டு ஒன்று உண்டு. முள் அதில் நின்றால் அந்தச் சுற்றில் சேர்த்த பணம் முழுவதும் போய்விடும். சக்கரம் வேகம் குறைந்து 'டிக்... டிக்...' என்று அந்தக் கறுப்பை நெருங்கும்போது என் ஸ்ரூடியோவில் யாரும் மூச்சு விடவில்லை.

அந்தக் கணத்தில் நான் கமராவைத் தாங்கியில் ஏற்றிவிட்டேன். பிளாஷ் போட்டால் திரை வெளுத்துப்போகும். பிஏஎல் பெட்டியோ என்டிஎஸ்சி பெட்டியோ, ஷட்டர் வேகம் கூடினால் திரையின் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். விநாடியில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைத்தால்தான் திரை முழுதாக விழும். அந்த வேகத்தில் மனிதர் அசைந்தால் முகம் கலங்கிவிடும். ஒருவரும் அசையவில்லை. சக்கரம் நிற்கட்டும் என்று அவர்களே சிலையாக நின்றார்கள்.

கசெட் பாதியில் முடிந்துவிட்டது. பலகையில் இன்னும் மூன்று கட்டங்கள் திறக்காமல் இருந்தன. என்ன சொற்றொடர் என்று பிள்ளைகள் ஒரு வாரம் சண்டை பிடித்தார்கள். எனக்கு இன்றுவரை விடை தெரியாது.

கேள்வி: இந்த நிகழ்ச்சிகளின் ஆரம்ப காலப் பகுதிகளைத் தேடினால் அகப்படுவதே இல்லையே, ஏன்?
– வாசகர், திருக்கோவில்

பதில்: அழித்துவிட்டார்கள். எரியவும் இல்லை, தொலையவும் இல்லை. தயாரித்தவர்களே அழித்தார்கள்.

அன்று தொலைக்காட்சி நிலையங்களில் இரண்டு அங்குல அகல நாடாவில்தான் பதிந்தார்கள். அதற்கு விலை மிக அதிகம், ஆனால் அழித்துத் திரும்பவும் பதியலாம். பகல் நேர வினாடி வினாவை இன்னொரு தடவை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்து, அதன் மேலேயே அடுத்ததைப் பதிந்தார்கள். 'ஜெப்பர்டி' என்ற நிகழ்ச்சியை மேர்வ் கிரிஃபின் உருவாக்கினார். விடையைச் சொல்லிக் கேள்வியைக் கேட்கும் நிகழ்ச்சி அது. 1964 மார்ச் 30 முதல் 1975 ஜனவரி தொடக்கம் வரை என்பிசியில் பகலில் ஓடியது. அதில் இன்று எஞ்சியிருப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அதை நிறுத்திவிட்டு, அதே கிரிஃபினின் சக்கரத்தை 1975 ஜனவரி 6இல் கொண்டுவந்தார்கள். சிறு வயதில் நீண்ட கார்ப் பயணங்களில் சகோதரியோடு விளையாடிய எழுத்து ஊகிக்கும் விளையாட்டுத்தான் அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்தது. அந்தச் சக்கரத்தின் முதல் பத்தாண்டுப் பகல் ஒளிபரப்பிலும் பெரும்பகுதி அழிந்துவிட்டது. பிபிசியும் அந்தக் காலத்தில் இதையே செய்தது.

மிஞ்சியவற்றில் கணிசமானவை பார்வையாளர்களால் மிஞ்சியவை. வீட்டில் கசெட்டில் பதிந்தவர்கள், திரையைப் படம் பிடித்தவர்கள் காப்பாற்றிக் கொடுத்தவை. நான் பெயரில்லாமல் எடுத்துப் போட்ட படத்தை எடுத்த அம்மாவும் அவர்களில் ஒருவர். இதை எண்ணும்போதுதான் என் தவறு எனக்கு இன்னும் உறைக்கிறது.

வீட்டுப் பதிவு என்ன செய்யும் என்பதற்கு 1984இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒஹாயோவில் ஐஸ்கிறீம் வண்டி ஓட்டிய மைக்கல் லார்சன், 'பிரஸ் யுவர் லக்' என்ற நிகழ்ச்சியைக் கசெட்டில் பதிந்து, ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். 18 கட்டங்களில் விளக்கு கண்டபடி ஓடுவதாகத்தான் எல்லோரும் நம்பினார்கள். அது ஐந்தே ஐந்து ஒழுங்குகளில் ஓடுகிறது என்று அவர் கண்டுபிடித்தார், மனப்பாடம் செய்தார், போட்டிக்குப் போனார். 1,10,237 டொலரோடு வீடு திரும்பினார். சிபிஎஸ் நிலையத்தார் விசாரித்துப் பார்த்துவிட்டு, இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்று பணத்தைக் கொடுத்தார்கள்.

கேள்வி: பாட்டுக்குப் பாட்டு நினைவிருக்கிறதா அண்ணன்? கோடீஸ்வரன் வினாடி வினாவும் நினைவிருக்கிறதா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: மறக்கக்கூடியதா தங்கச்சி! நம் நாட்டு வானொலியில் பிறந்த விளையாட்டு அது. பி. எச். அப்துல் ஹமீத் ஓர் எழுத்தைக் கொடுப்பார், அந்த எழுத்தில் தொடங்கும் பாடலைப் பாட வேண்டும். அவ்வளவுதான் விதி. ஆனால் அந்த எழுத்தை அவர் உச்சரிக்கும் விதம் இருக்கிறதே, ழகரமும் ளகரமும் தனித்தனியே வந்து காதில் நிற்கும். பிற்காலத்தில் அவரே சென்னையில் சன் தொலைக்காட்சிக்காக நடத்தியபோது, இது எங்கள் வீட்டுப் பிள்ளை என்று பெருமைப்பட்டோம். சங்கிலி போல் பாடல் தொடுக்கும் அந்தாதி மரபு இருந்த மொழியில், இதைப் போன்ற விளையாட்டு இத்தனை காலம் நின்றதில் வியப்பில்லை.

கோடீஸ்வரனையும் கேட்டிருக்கிறீர்கள். அதன் மூல நிகழ்ச்சி 1998 செப்டெம்பர் 4இல் இங்கிலாந்தில் தொடங்கியது. 2000 ஜூலையில் அமிதாப் பச்சன் ஹிந்தியில் நடத்தினார். அதைத் தொடர்ந்து தமிழில் சரத்குமார் நடத்தினார். எங்கள் வீட்டில் நான்கு விடைகளுக்கும் நான்கு கட்சி. என் மனைவி பார்வையாளரிடம் கேட்கும் உதவியைத்தான் நம்புவார், ஊர் சொன்னால் சரியாக இருக்கும் என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது.

கேள்வி: பாடசாலை ஒப்படைக்கு இணையத்தில் இருந்து படங்கள் எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் "நன்றி: கூகுள்" என்று எழுதினேன். அது போதுமா?
– மாணவி, காரைதீவு

பதில்: போதாது மகள். கூகுள் ஒரு படமும் உங்களுக்கு எடுத்துத் தரவில்லை, இருக்கும் இடத்தைக் காட்டியது. பஸ் ஸ்ராண்டில் ஒருவர் உங்களுக்கு வழி காட்டினால், போய்ச் சேர்ந்த வீட்டில் சாப்பிட்ட சோற்றுக்கு அவருக்கா நன்றி சொல்வீர்கள்? "படம்: இணையம்" என்று எழுதுவதும் இதேதான். இணையம் என்ற பெயரில் ஒருவரும் கமராவோடு அலையவில்லை.

தேடலில் படத்தைக் கண்டதும் அங்கேயே பிடித்து இறக்காமல், அது இருக்கும் பக்கத்துக்குள் போய்ப் பாருங்கள். நான்கு விவரங்கள் வேண்டும்: படத்தின் தலைப்பு, எடுத்தவர், கிடைத்த இடம், எந்த உரிமத்தில் தந்திருக்கிறார் என்பது. கல்லடிப் பாலத்தின் படம் வேண்டுமென்றால் விக்கிமீடியா பொதுவகத்தில் தேடுங்கள். அங்கே உள்ள படங்களில் ஏராளமானவை கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டால் யாரிடமும் கேட்காமல் பயன்படுத்தலாம். ஓரத்தை வெட்டினாலோ நிறத்தை மாற்றினாலோ அதையும் எழுத வேண்டும். பழைய இதழ்கள், ஈழத்து நூல்கள் வேண்டுமென்றால் 2005இல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகத்தில் பாருங்கள். எந்த இதழ், எந்த ஆண்டு என்று அங்கேயே இருக்கும், அப்படியே எடுத்தெழுதலாம்.

எடுத்தவர் பெயரைப் படத்துக்குக் கீழேயே எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் மொத்தமாக எழுதினால் எந்தப் பெயர் எந்தப் படத்துக்கு என்று யாருக்கும் விளங்காது. வட்ஸ்அப்பில் வந்த படத்தை மட்டும் நம்பாதீர்கள். கமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நாளையும் வேறு குறிப்புகளையும் எழுதி வைக்கிறது. வட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பும்போது அவை உதிர்ந்துவிடுகின்றன, படமும் சுருங்கிவிடுகிறது.

கேள்வி: பெயரைப் போட்டுவிட்டால் யாருடைய படத்தையும் எதற்கும் பயன்படுத்தலாம்தானே?
– வாசகர், காத்தான்குடி

பதில்: இல்லை. பெயர் போடுவது வேறு, அனுமதி பெறுவது வேறு. இரண்டும் தேவை. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, படம் எடுத்தவுடனேயே பதிப்புரிமை உண்டாகிவிடுகிறது, பதிவு எதுவும் தேவையில்லை. எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்தபின் 70 ஆண்டுகளும் அது நிற்கும். அந்தப் பண உரிமையை அவர் இன்னொருவருக்கு விற்றுவிட்டாலும், தம் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை அவரிடமே இருக்கும். விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்கு நியாயமான அளவில் எடுத்தாளச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் கடை விளம்பரப் பதாகை அதற்குள் வராது தம்பி. கேட்டு எழுதுங்கள். நான் கேட்டவர்களில் பெரும்பாலானோர் சந்தோசமாகத் தந்திருக்கிறார்கள்.

கேள்வி: மூன்று கதவுகள். ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடுகள். நான் ஒன்றைத் தெரிகிறேன். நடத்துபவர் மற்ற இரண்டில் ஆடு உள்ள ஒரு கதவைத் திறந்து காட்டி, "மாற்றுகிறீர்களா?" என்கிறார். மாற்றினால் நல்லதா?
– வாசகர், ஓட்டமாவடி

பதில்: மாற்றுங்கள். மாற்றினால் மூன்றில் இரண்டு தடவை வெல்வீர்கள், மாற்றாவிட்டால் மூன்றில் ஒரு தடவைதான். 1963இல் தொடங்கிய 'லெட்ஸ் மேக் எ டீல்' என்ற நிகழ்ச்சியை நடத்திய மொன்ரி ஹோலின் பெயரால் இந்தப் புதிர் வழங்குகிறது. 1990 செப்டெம்பரில் 'பரேட்' என்ற அமெரிக்க இதழின் கேள்வி பதில் பகுதிக்கு ஒரு வாசகர் இதையே கேட்டு எழுதினார். பதில் எழுதிய மரிலின் வொஸ் சவான்ட், மாற்றுவதுதான் சரி என்றார். அவர் சொன்னது பிழை என்று ஏறத்தாழப் பத்தாயிரம் கடிதங்கள் குவிந்தன. அவற்றில் கிட்டத்தட்ட ஆயிரம் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள் எழுதியவை. அவர் அசையவில்லை. அவர் சொன்னதுதான் சரி. அதே வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் அந்தப் பெண்மணியை நினைத்து நான் தலைவணங்குகிறேன்.

எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. பேரனோடு மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றின் கீழே புளியங்கொட்டை வைத்து விளையாடிப் பார்த்தேன். 30 தடவையில், மாற்றாமல் இருந்திருந்தால் 11 தடவைதான் கிடைத்திருக்கும். முதல் தெரிவில் நீங்கள் வெறும் சிரட்டையைத் தொட மூன்றில் இரண்டு வாய்ப்பு இருக்கிறது. அப்படித் தொட்டிருந்தால், கொட்டை எங்கே என்று தெரிந்த பேரன் மீதியுள்ள வெறும் சிரட்டையைத்தான் தூக்கியாக வேண்டும், கொட்டை உள்ளதைத் தூக்க முடியாது. ஆகவே மிஞ்சுவதில் கொட்டை இருக்கும். நடத்துபவருக்கு உண்மை தெரியும் என்பதில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது.

கேள்வி: ஐயா, பேஸ்புக்கில் "அந்தக் கால மட்டக்களப்பு" என்று ஒரு படம் சுற்றுகிறது. இருட்டறையில் தொலைக்காட்சி வெளிச்சத்தில் ஆட்கள் கூடி நிற்கிறார்கள். திரையில் ஏதோ சக்கரம். கதவு நிலையில் சாய்ந்து, இடுப்பில் குழந்தையோடு நிற்பவர் என் அம்மா. 1991இல் பிறந்த நான்தான் அந்தக் குழந்தையாக இருக்க வேண்டும். எங்கள் படங்கள் எல்லாவற்றையும் 2004இல் கடல் கொண்டுபோய்விட்டது. அம்மாவும் இப்போது இல்லை. படத்தின் கீழே "படம்: இணையம்" என்றுதான் இருக்கிறது. எடுத்தவரைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், பெரியகல்லாறு

பதில்: தம்பி, அந்தப் படத்தை எடுத்தது நான். மேலே கல்முனை வாசகருக்கு எழுதியிருக்கிறேனே, அந்த இரவு அது.

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகன் அதை ஸ்கான் செய்து, மூலையில் என் பெயரை எழுதி, பேஸ்புக்கில் ஏற்றினான். ஒரு மாதத்துக்குள் யாரோ அந்த மூலையை வெட்டிவிட்டுத் தங்கள் முத்திரையைக் குத்தினார்கள். பிறகு ஒரு மலரில் அச்சாகி வந்தது. அதில் முத்திரையும் இல்லை, "படம்: இணையம்" என்று மட்டும் இருந்தது. அச்சிட்டவர்களுக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன், பதில் வரவில்லை. அன்று எனக்கு என் பெயர் போனதுதான் வலித்தது. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அது சின்ன விடயமாகிவிட்டது. அந்த மூலையில் என் பெயர் இருந்திருந்தால் நீங்கள் எப்போதோ என் படலையைத் திறந்துகொண்டு வந்திருப்பீர்கள்.

நெகடிவ் இருக்கிறது. எங்கள் வீடு வாவிப் பக்கம் இருந்ததால் என் பெட்டிகள் அந்த ஆண்டுத் தண்ணீருக்குத் தப்பின. கடிதம் வந்ததும் உறையை எடுத்துப் பார்த்தேன். 400 ஏஎஸ்ஏ கறுப்பு வெள்ளைச் சுருள், 22ஆம் இலக்கம். உறையின் மேல் "கசெட் பார்த்தோர், 1992" என்று எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். ஒருவர் பெயரையும் கேட்டு எழுதவில்லை. கல்யாணப் படங்களுக்கு மாப்பிள்ளை பெண் பெயர், திகதி, மண்டபம் எல்லாம் எழுதும் கை, தன் அறைக்குள் நின்றவர்களின் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறது. அதற்கு நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். உங்கள் அம்மா திரையைப் பார்க்கவில்லை. எல்லோரும் சக்கரத்தைப் பார்க்க, அவர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நீங்கள்தான் வாயைத் திறந்தபடி சக்கரத்தைப் பார்க்கிறீர்கள்.

எட்டுக்குப் பத்து அங்குல அளவில் ஒரு பிரதி போட்டு வைத்திருக்கிறேன். பணம் எதுவும் வேண்டாம். களுவாஞ்சிக்குடி வந்து பழைய ஸ்ரூடியோக்காரர் வீடு என்று கேளுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் மூன்று கோடு இழுத்து இடம் விட்டிருக்கிறேன். முதலாவது அம்மாவின் பெயருக்கு, இரண்டாவது உங்கள் பெயருக்கு.

மூன்றாவதற்கு உங்கள் உதவி வேண்டும். பேஸ்புக்கில் நீங்கள் பார்த்தது வலது பக்கம் வெட்டப்பட்ட படம். முழு நெகடிவ்வில் கதவுக்கு அப்பால் இன்னொருவர் நிற்கிறார். வயதானவர், தோளில் துவாய், மூக்குக் கண்ணாடி. உங்கள் பாதம் ஒன்றைக் கையில் பிடித்திருக்கிறார். வரும்போது அவர் யார் என்று சொல்லுங்கள்.